பஞ்சடைத்த மணி

மேனேஜரை ஏற்றிக்கொண்டு போக ஐந்து மணிக்கு வண்டி வருகிறது. இப்போது மணி இரண்டு பத்து.

மேனேஜர் என்றதும் டை கட்டிய ஆசாமி யாரையாவது நினைத்துவிட வேண்டாம். சாம்பல் நிறப் பூனை. தான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல் அடுத்தவர் வேலையை எல்லாம் மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர். அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், தையலக்காவின் கட்டிங் டேபிளில், யாருடைய சட்டையாகவோ ஆகவேண்டிய துணிமேல் கால் பரப்பிப் படுத்திருந்தது. துப்பறிய வந்திருந்த இருவரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது.

வந்த இருவரில் ஒருவர் கண்ணாடி மேடம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய்க் கிளெய்ம்களை மோப்பம் பிடித்தவர். யார் எதைத் தொலைத்தாலும் கண்டுபிடித்துக் கொடுப்பார், தன் தலைமேலேயே இருக்கும் மூக்குக்கண்ணாடியைத் தவிர. இன்னொருவன் அவருடைய உதவியாளன். மேடம் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவதால் ஒன்று, சும்மா இருக்கத் தெரியாத வாயால் இன்னொன்று, இரண்டுக்கும் சேர்த்து அவனுக்கு வால் என்று பெயர். முன்பு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. நாற்பது வயதாகியும் பூனையைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிற ஜாதி.

"நாற்காலிய விட்டு இறங்கு வாலு," என்றார் மேடம்.

"இங்கேருந்து பார்த்தா அறை முழுக்கத் தெரியுது மேடம். துப்பறிய வசதி."

தையலக்கா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலா இருந்தாள்? மூன்று வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜர் தும்மியது. புதன்கிழமை பூனை டாக்டர் சோதித்தார், கொரோனா என்றார். வெள்ளிக்கிழமை, முதல் மாடிப் பாட்டு வாத்தியாருக்குக் காய்ச்சல் கண்டு, சோதித்ததில் அவருக்கும் அதே கொரோனா. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். முதலில் பூனை, அப்புறம் வாத்தியார். ஆகவே பூனைதான் கொண்டுவந்து கொடுத்தது என்று தீர்ப்பு எழுதிவிட்டார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். பூனைக்குக் குணமாகி, மறுசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தும் அவர் மசியவில்லை. இன்று நாலரைக்குப் பொதுக்கூட்டம், ஐந்துக்கு விலங்குக் காப்பகத்து வண்டி.

"வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆச்சு மேடம்," என்றாள் தையலக்கா. "அதுக்கப்புறம் இந்த வீட்டுல என்கூடப் பேசுறது இது ஒண்ணுதான். இதைக் கொண்டுபோயிட்டா நான் யாருக்காகச் சீக்கிரம் கடையைச் சாத்திட்டு அடுப்பப் பத்த வைக்கிறது?"

வால் நாற்காலியை விட்டு இறங்கினான். பயம் போய்விடவில்லை, அந்தக் குரலைக் கேட்டபின் மேலே நிற்க வெட்கமாக இருந்தது.

"உங்களுக்கு எத்தனை தடவை சோதனை பண்ணினாங்க?" என்றார் மேடம்.

"ரெண்டு தடவை. ரெண்டுலயும் ஒண்ணுமில்ல."

"பூனை எங்கே தூங்கும்?"

"என் தலைமாட்டுல. தலையணையில பாதி அதுக்கு. முக்கால்னே வெச்சுக்கங்க."

"தலையணைய பங்கு போட்டுக்கிற உங்களுக்கு வரல. மாடியில கதவைச் சாத்திட்டுப் பாட்டுச் சொல்லித்தர்ற மனுஷருக்கு வந்துடுச்சு. நல்ல கதை." மேடம் மூக்கைச் சொறிந்துகொண்டார். "எல்லாரும் பூனை யாருக்குக் கொடுத்ததுன்னு கேட்கறாங்க. பூனைக்கு யார் கொடுத்தாங்கன்னு ஒருத்தரும் கேட்கலையே. வெளியே போனா எவ்வளவு நேரம் சுத்தும்?"

"காலையில பத்துலேருந்து பன்னெண்டு. ரவுண்ட்ஸ் போகும். கழுத்துல மணி இருக்கு, எங்கே போனாலும் சத்தம் கேட்கும். ஆனா..." தையலக்கா நெற்றியைச் சுருக்கினாள். "சீக்காகிறதுக்கு முன்னாடி கொஞ்ச நாளா சத்தமே கேட்டதில்ல மேடம். எனக்குத்தான் காது மந்தமாயிட்டுதோன்னு நினைச்சேன்."

"அந்த மணி எங்கே?"

பூனை டாக்டர் கழற்றிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்த கழுத்துப்பட்டை அப்படியே அலமாரியில் இருந்தது. வைரஸ் இருக்குமோ என்ற பயத்தில் அன்றைக்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை. மேடம் கையுறை மாட்டிக்கொண்டு மணியை ஆட்டினார். ஊமை மணி. கவ்வியால் உள்ளே துழாவி இழுத்தார். வெள்ளையாகப் பஞ்சு வந்தது.

"வாலு, இது உன் சப்ஜெக்ட்."

வால் எட்டிப் பார்த்தான். இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "தலையணைப் பஞ்சு இல்ல, காயத்துக்கு வைக்கிற பஞ்சும் இல்ல. நாடா மாதிரி நீளமா, மடிப்பு மடிப்பா இருக்கு பாருங்க. மாத்திரை பாட்டில் மூடியத் திறந்தா மேலாப்புல அடைச்சிருப்பாங்களே, அது. இந்த மாதிரி பாட்டில் ஆயிரம் தூக்கி அலைஞ்சிருக்கேன்."

"தையல் வேலைக்குப் பயன்படுத்தறீங்களா?"

"நானா? மாத்திரைன்னு ஒண்ணு வாங்கினதே இல்ல மேடம்."

ஆக, யாரோ ஒருவர் வீட்டுக்குப் பூனை சத்தமில்லாமல் வந்துபோக வேண்டியிருந்திருக்கிறது. வாலுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. "மேனேஜருக்கு சின்ன வீடு இருக்கு மேடம்!"

தையலக்கா திரும்பி முறைத்த முறைப்பில் அவன் மறுபடி நாற்காலியைத் தேடினான்.

கிளம்பும்போது மேடம் ஜன்னலருகே நின்றார். ஜன்னலின் கீழ்க்கம்பியில் தூசி இல்லாமல் இரண்டு கை அகலத்துக்குப் பளபளவென்று இருந்தது. "இங்கே யார் வந்து நிக்கிறது?"

"செயலாளர்தான். மேனேஜரை உள்ளே போட்டதுலேருந்து தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடுவார், பூட்டித்தான் வெச்சிருக்கேனான்னு பார்க்க. கால் மணி நேரம் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். ஒரு நாள் தவறினதில்ல. நல்லா இருப்பாரா அந்த மனுஷர்!"

"ராட்சசன்," என்றான் வால்.

மேடம் பேனாவைக் காதில் செருகப் போய், அங்கே ஏற்கனவே இரண்டு பேனா இருந்ததால் கைப்பைக்குள் போட்டார்.

பூனை டாக்டரின் கிளினிக் அடுத்த தெருவில். வாசலில் கயிறு கட்டி, பிராணியை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்களை வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். டாக்டரம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்தே படபடவென்று பொரிந்தார்.

"எத்தனை தடவைதான் சொல்றது? சீக்கான மனுஷங்க மடியில வெச்சுக் கொஞ்சுவாங்க, மூஞ்சியோட மூஞ்சி வைப்பாங்க, பூனைக்குத் தொத்திக்கும். பூனையிலேருந்து பூனைக்கும் தொத்தலாம். பூனையிலேருந்து மனுஷனுக்குங்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம். அதைப் போய் ஊரைக் கூட்டி விசாரணை பண்றாங்களாம்!"

"பூனை ஒருத்தர் வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டுப் போனா?" என்றார் மேடம்.

"அப்படிப் பார்த்தா நீங்க என்கிட்ட இப்ப நிக்கிறதே தப்பு. நகருங்க." டாக்டரம்மா கோப்பைப் புரட்டினார். "ரெண்டு மாசத்துல முக்கால் கிலோ ஏறியிருக்கு. உணவுக் கட்டுப்பாடு சொல்லியிருந்தேனே, எவ்வளவு போட்டாங்க அந்தம்மா?"

"அளந்துதான் போடறாங்க. அளக்காத வீடு ஒண்ணு இருக்கு போல."

"ஆனா அந்தம்மா பொறுப்பானவங்கதான். இடது பின்னங்கால்ல குத்துக்காயம், ரெண்டு நாள் பழசு. சுத்தமாக் கழுவி, மருந்து தடவி, அவ்வளவு அழகாப் பார்த்திருந்தாங்க. அதனாலதான் நான் ஒண்ணும் கேட்கல. அடுத்த வாரமே ஆறிப்போச்சு, தழும்புகூட இல்ல."

மேடம் அங்கேயே நின்று தையலக்காவுக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

"காயமா? என்ன காயம்? என் பிள்ளைக்குக் காயமா? யார்கிட்டயும் சொல்லாம மறைச்சிடும் மேடம் அது, ஒரு நொண்டல் நொண்டினா நான் பார்த்திருக்க மாட்டேனா?"  பிறகு தாழ்ந்த குரலில், "மேடம், நான் தினமும் வேலை முடிஞ்சதும் ஊசியெல்லாம் எண்ணித்தான் டப்பாவுல போடுவேன். துணியோட போயி யாரையாவது குத்திடக்கூடாது பாருங்க. முப்பத்தாறு ஊசி. அந்தத் திங்கட்கிழமை முப்பத்தஞ்சுதான் இருந்துச்சு. வீட்டைக் கவுத்துப் போட்டுத் தேடினேன், கிடைக்கவே இல்ல."

மேடம் போனை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். வால் அவர் தலையைச் சுட்டிக் காட்டினான்.

"இந்தக் காயத்தைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே," என்றார். "டாக்டர், நீங்களும்தான்."

மூன்றே முக்காலுக்கு முதல் மாடி. வாத்தியார் கதவை ஒரு சாண் திறந்து, சங்கிலி மாட்டியபடியே பேசினார். உச்சஸ்தாயியில் முழங்கிய குரலாம். இப்போது பாதி வார்த்தை மூச்சாகவே போனது. அவர் வீட்டுக் கதவிலும் கீழே அறிவிப்புப் பலகையிலும் சிவப்பு மையில் வீட்டு எண்ணோடு 'தொற்று வீடு' என்று எழுதியிருந்தது, குணமானபிறகும் அழிக்காமல்.

"பூனை உள்ளே வந்துச்சா சார்?"

"ஜன்னல்ல வலை அடிச்சிருக்கு. எப்படி வரும்? ஒரு நாள் வெளிப்பக்கம் உட்கார்ந்து என் பாட்டைக் கேட்டுச்சு. பாதியில எழுந்து போயிடுச்சு."

"ரசனையான பூனை," என்று முணுமுணுத்தான் வால். மேடம் அவன் காலை மிதித்தார்.

"அந்த வாரம் வீட்டுக்குள்ள யார் வந்தாங்க?"

"யாருமே வரல. கதவைத் திறந்தாத்தானே."

"ஒருத்தர்கூடவா?"

"செயலாளர் வந்தார், அவரை யாரோன்னு சொல்ல முடியுமா? செவ்வாய்க்கிழமை சுற்றறிக்கை கொடுக்க வந்தார். வெளியாட்களை வீட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து விளக்கினார். பேசும்போது இருமல் வேற. பூனை அலர்ஜியாம், நூறடி தள்ளிப் பூனை வந்தாலே ஒத்துக்காதாம், பாவம். கவசத்தைக் கீழே இறக்கித் தண்ணி வாங்கிக் குடிச்சார்."

படிக்கட்டு வரைகூட வாலால் பொறுக்க முடியவில்லை. "மாட்டிக்கிட்டார் மேடம்! தனக்குக் காய்ச்சலை வெச்சுக்கிட்டு அலர்ஜின்னு கதை விட்டிருக்கார். வாத்தியாருக்குக் கொடுத்தது அவர்தான்."

"இருக்கலாம். அரை மணி நேரம் பேசினது குத்தமாடா? இருமினார், ஆமா, அலர்ஜிம்பார். பூனைதான் முதல்ல சீக்காச்சும்பார். அந்தப் பூனைக்குக் கொடுத்தது யாரு?"

வால் யோசித்தான். நூறடி தள்ளிப் பூனை வந்தாலே எகிறிக் குதிக்கிற மனுஷர் பூனையை மடியிலா வைத்திருப்பார்? கணக்கு உதைத்தது. இரண்டு பாதியும் கையில் இருக்கிறது, ஒட்டமாட்டேன் என்கிறது.

"நேரா கேட்டா?"

"கேட்டா இல்லம்பார். மூணு வாரம் ஆச்சு, சோதனை பண்ணியும் பிரயோஜனமில்ல." மேடம் நின்றார். "வாலு, பூனையத் தூக்கியிருக்கியா?"

"என்ன மேடம் இப்படியெல்லாம் கேட்கறீங்க? நான் நல்ல குடும்பத்துப் பையன்."

"இன்னிக்குத் தூக்கப்போறே. எப்படித் தூக்கறதுன்னு யார்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்காதே. அதுதான் எனக்கு வேணும்."

கார் நிறுத்துமிடத்தில் ஆறடிக்கு ஒரு நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. இருபது முகக்கவசங்கள். செயலாளர் நடுவில் நின்று, இஸ்திரி கலையாத சட்டையும் கையில் கோப்புமாகத் தீர்மானத்தை வாசித்தார். மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர். மகனும் மகளும் ஆளுக்கொரு தேசத்தில். சங்கம்தான் அவருக்குக் குடும்பம், விதிமுறைதான் குலதெய்வம். வாசிப்புக்கு நடுவே அவர் பூனைக் கூடை வைத்திருந்த மூலையைத் தவிர்த்து எல்லாப் பக்கமும் பார்த்தார்.

காப்பகத்து வண்டி பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து நின்றது. தையலக்கா கூடையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்," என்று எழுந்தார் மேடம். "பூனைக்கு வேற ஒரு வீட்டுல பழக்கம் இருந்திருக்கு. அந்த வீட்டுலதான் முதல்ல காய்ச்சல் வந்திருக்கு. பூனையத் திறந்து விடுங்க. யார் மடின்னு அதுவே காட்டும்."

கூட்டத்தில் சலசலப்பு. கூடை திறந்தது.  மேனேஜர் நிதானமாக இறங்கி, முதுகை வளைத்து நெளித்து, இருபது பேரையும் ஆய்வு செய்தது. செயலாளர் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. செயலாளரின் கையில் கோப்பு லேசாக ஆடியது. பூனை அங்கேயே உட்கார்ந்து, பின்னங்காலைத் தூக்கி, சபை மரியாதை கொஞ்சமும் இல்லாத ஓரிடத்தை நக்கத் தொடங்கியது.

கொல்லென்று சிரிப்பு. யாரோ, "சாட்சி பிறழ்ந்துடுச்சு!" என்றார்கள். வாலுக்குக் காது சிவந்தது. இருபது வருஷ அனுபவம் ஒரு பூனையின் சுத்தபத்தத்தில் போய் முடிந்துவிட்டதே!

"விளையாட்டு முடிஞ்சுதா?" என்றார் செயலாளர்.  "டிரைவர், எடுத்துக்கிட்டுப் போங்கப்பா."

"டிரைவருக்கு எதுக்குச் சிரமம்?" என்றார் மேடம். "வாலு, நீ தூக்கி வண்டியில வை."

எங்கே பிடிப்பது, எப்படிப் பிடிப்பது, ஒன்றும் தெரியாது. வால் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். கையில் முதலில் அகப்பட்டது இடது பின்னங்கால். அதைப் பிடித்தே இழுத்துத் தூக்கினான். மேனேஜர் பாதி அந்தரத்தில் தொங்கியபடி, "ஙாவ்!" என்று அலறியது.

"ஏய்! மடையா! அந்தக் காலை விடுடா! ஊசி குத்தின கால்டா அது!"

கோப்பு தரையில் விழுந்து காகிதமெல்லாம் பறந்தது. செயலாளர் பாய்ந்து வந்து பூனையைப் பிடுங்கி, ஒரு கையை வயிற்றுக்கடியிலும் ஒரு கையைப் பின்புறத்திலும் கொடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவர் விரல்கள் தாமாகவே அந்தப் பாதத்தைத் திருப்பி, உள்ளங்காலில் காயத்தைத் தேடின.



"ஆறிடுச்சு சார்," என்றார் மேடம் மெதுவாக. "ரெண்டு வாரம் முன்னாடியே ஆறிடுச்சு. உங்களுக்குத் தெரியாது, ஜன்னலுக்கு வெளியேருந்து கால் தெரியாது. இன்னிக்கு மதியம் வரைக்கும் காயம் இருந்ததே அந்தம்மாவுக்குத் தெரியாது. குத்தினது ஊசின்னு டாக்டருக்கும் தெரியாது. எடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும்."

செயலாளர் சுற்றிலும் பார்த்தார். பூனை அவர் தாடைக்கடியில் தலையை முட்டி, கர் கர் என்று மோட்டார் போட ஆரம்பித்திருந்தது. நூறடி அலர்ஜிக்காரருக்கு ஒரு தும்மல் வரவில்லை.

"ரெண்டு மாசமா தினமும் பத்து மணிக்கு வரும்," என்றார். "மடியில ஏறிப் படுத்துக்கும். புதுசா யாரும் பூனை வளர்க்கக்கூடாதுன்னு விதி போட்டவனே நான். மணிச் சத்தம் கேட்டா மானம் போயிடுமேன்னு பஞ்சு அடைச்சேன். அப்புறம் காய்ச்சல் வந்துச்சு. வெளியே சொன்னா என் கதவுலயும் சிவப்பு மை. நானே எழுதணும். சாதாரணச் சளின்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். அதுக்கும் வந்துடுச்சு, வாத்தியாருக்கும் வந்துடுச்சு. யாரோ, பூனையா இருக்குமோன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். ஒரே ஒரு ஆமா. அப்புறம் அதை நிறுத்த எனக்குத் தைரியம் வரல."

முதல் மாடி ஜன்னலிலிருந்து வாத்தியார் மூச்சிரைக்கக் கத்தினார். "பத்து நாள் ஆக்சிஜன்ல கிடந்தேனய்யா! பூனையத் திட்டிக்கிட்டே கிடந்தேன்!"

தையலக்கா நேராகச் செயலாளர் முன்னால் போய் நின்றாள்.  "என் பிள்ளைய வண்டியில ஏத்திவிட்டு உங்க மானத்தைக் காப்பாத்திக்கப் பார்த்தீங்களே. தினம் வந்து அது முகத்தையும் பார்த்தீங்களே. எப்படிங்க மனசு வந்துச்சு?"

செயலாளர் பூனையை அவள் கையில் கொடுத்தார். வண்டிக்காரரிடம், "போயிட்டு வாங்கப்பா, இங்கே எடுத்துக்கிட்டுப் போறதுக்கு ஒண்ணுமில்ல," என்றார். பலகைக்குப் போய் வாத்தியார் வீட்டு எண்ணைக் கைக்குட்டையால் அழித்துவிட்டு, சிவப்பு மையை எடுத்து அதே இடத்தில் தன் வீட்டு எண்ணை எழுதினார். பிறகு படியேறிப் போனார். மூன்று மாடி ஏறி இறங்கும் வரைக்கும் ஒருவரும் நகரவில்லை. திரும்பி வந்தவர் கையில் காலி மாத்திரை பாட்டில். உள்ளே ஓர் ஊசி.

தையலக்கா வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "முப்பத்தாறு," என்றாள் தனக்குத்தானே.

கையுறையோடு மேடம் நீட்டிய கழுத்துப்பட்டையை அவள் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தாள். மணியை ஆட்டிப் பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு கிணிகிணியென்று அது பேசியது. அதை மேனேஜரின் கழுத்தில் கட்டி முடிச்சை இறுக்கினாள். ஒரு முடிச்சு போதாதென்று இரண்டு.

"என் வாயால உங்களை மன்னிச்சேன்னு சொல்லமாட்டேன் சார். இன்னிக்கு முடியாது," என்றாள். "ஆனா பத்து மணிக்கு எங்கே போகணும்னு அதுக்குத் தெரியும். அதை நான் தடுக்கப்போறதில்ல. இனிமே வந்தா சத்தத்தோட வரும். கட்டடம் முழுக்கக் கேட்கட்டும்."

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். இஸ்திரி கலைந்தது.

வாலின் இரண்டு முன்கையிலும் நகக்கீறல் ஏழு. எண்ணிக் காட்டினான். "மேடம், இவ்வளவு பேர் இருக்கும்போது என்னையே ஏன் தூக்கச் சொன்னீங்க?"

"டிரைவர் தொழில் தெரிஞ்சவர், ஒழுங்காத் தூக்கியிருப்பார்," என்றார் மேடம். "இந்தக் கட்டடத்துலயே பூனைய இவ்வளவு கேவலமாத் தூக்க உன்னை விட்டா யாருடா இருக்காங்க?"

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். இந்தத் தடவை வால் எங்கே இருக்கிறதென்று சொல்லவில்லை.